நிற்கிற வேலை

மேற்பார்வையாளர் அவளுடைய பிளாஸ்டிக் ஸ்டூலை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு போனார். "சீக்கிரம் போடும்மா," என்றார் பில் போட நின்ற வரிசையில் ஒருத்தர்.

கடையில் மேற்பார்வையாளருக்கு 'கேமரா' என்று பெயர். எந்த மூலையில் யார் உட்கார்ந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கொரோனா சமயத்தில் கவுண்டர்களில் கண்ணாடித் தடுப்பு வைக்க இடம் வேண்டுமென்று நாற்காலிகளை எடுத்தார்கள். தடுப்புகள் போய்விட்டன, நாற்காலிகள் வரவில்லை. அப்போது வீட்டுக்கு அனுப்பிய ஆட்களும் வரவில்லை. அவளுக்கோ நோய் வந்து போனதிலிருந்து கொஞ்ச நேரம் நின்றாலே நெஞ்சு படபடக்கும். சாயங்காலத்துக்குள் கால் வீங்கி, செருப்பு வார் தோலில் புதைந்துவிடும். பொறுக்க முடியாமல் அன்றுதான் வீட்டிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவந்திருந்தாள்.

"நான்தான் கேமராகிட்ட சொன்னேன்," என்றாள் பக்கத்துக் கவுண்டர் அக்கா, கேட்காமலேயே. "உனக்கு மட்டுந்தான் காலா? எங்களுக்கெல்லாம் என்ன மரத்துலயா செஞ்சு வச்சிருக்கு?"

"நீங்களும் ஒண்ணு கொண்டு வாங்களேன்க்கா."

"கொண்டு வந்தா? ரெண்டு பேரையும் அனுப்பிட்டு ஒருத்திய எல்லாத்தையும் பாக்கச் சொல்லுவான். போடி."

அழுகை வரும் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது. ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டு கேமரா போன பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். "திமிரப் பாரு," என்றது வரிசை.

குடோன் கதவு ஒருக்களித்திருந்தது. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவளுடைய ஸ்டூலில் கேமரா உட்கார்ந்திருந்தார். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் போட்டிருந்தார். பாதம் இரண்டும் உப்பியிருந்தன. சாக்ஸ் ரப்பர் கணுக்காலை வெட்டியதுபோல் பதிந்திருந்தது. சுவரில் தலை சாய்த்து வாயால் மூச்சு வாங்கினார். இரண்டு மாடியையும் இப்போது அவர் ஒருவரேதான் பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் இந்த ஆட்டம் ஆடுகிறார் என்று நினைத்திருந்தாள்.

ஐயோ பாவம் என்று ஒரு கணம் இருந்தது. அவர் கண் திறந்தார்.

"கதவச் சாத்திட்டுப் போ. வெளிய சொன்னேன்னு வையி, நாளைக்கு வர வேணாம்."

அந்தப் பாவமும் வந்த வழியே போய்விட்டது.

"எந்திரிங்க சார். அது என்னோடது."

அவர் எழவில்லை. வெறுங்காலால் ஷூவைத் துழாவினார். கால் உள்ளே நுழையவில்லை. வெளியே அவள் கவுண்டர் மணியை யாரோ விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தாள். அவர் மறு விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.