விளக்கு இறக்கிய கிணறு

விடிவதற்குள் நாலு பீப்பாய் மண் நிரப்பியாகிவிட்டது. கோத்தகிரிக்குக் கீழே, அரவேணு வளைவில் மூடிக்கிடந்த பெட்ரோல் பங்கின் பின்புறம், பனிமூட்டத்துக்குள் நின்று வேலாமணி வெட்டி வெட்டிக் கொட்டினாள். சாதாரண மண்ணா அது? கறுத்துப் பிசுபிசுத்து, மண்வெட்டி பட்ட இடமெல்லாம் பெட்ரோல் வாடை குப்பென்று கிளம்பியது. சோற்றில் அந்த வாடை, தலைமுடியில் அந்த வாடை. மூன்று தடவை சீயக்காய் போட்டும் போய்த் தொலையவில்லை.

பங்கை மூடிப் பத்து வருஷமாகிறது. ஆனால் மண்ணுக்குள் கிடந்த டாங்கி ஓட்டை விழுந்து, ஒழுகி ஒழுகி, கீழே இருக்கும் வீடுகளின் ஊற்றுத் தண்ணீர் வரைக்கும் எண்ணெய் போய்விட்டது. மண்ணை அள்ளி, கிணறு தோண்டி, கெட்டுப்போன தண்ணீரை இறைத்துச் சுத்தம் பண்ணச் சொல்லி அரசாங்க உத்தரவு. அந்தச் சரிவில் இயந்திரம் நிற்காது. அதனால் ஒப்பந்தக்காரர் குமாரசாமி, அன்னூர்ப் பக்கமிருந்து கிணறு வெட்டுகிற ஆட்களைக் கூட்டி வந்தார். அப்படி வந்தவர்கள்தான் வேலாமணியும் அவள் தம்பி மயில்சாமியும். மயில்சாமி செத்து இன்றைக்குப் பதினேழாம் நாள்.

கிணற்றைத் தகரம் போட்டு மூடியிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காது சும்மா இருக்குமா? "அக்கா, கயித்த உடு" என்று தகரத்துக்கு அடியிலிருந்து அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கயிற்றைச் சுருட்டும்போது மறுமுனையில் ஆள் கனம் கனத்தது.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஆள் இறங்குமுன் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குவார்கள். அணைந்தால் உள்ளே கெட்ட காற்று, யாரும் இறங்கக் கூடாது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய வழக்கம். இங்கேயும் பத்து நாள் இறக்கினார்கள், ஒன்றும் ஆகவில்லை. பத்தாம் நாள் சாயங்காலம் தண்ணீர் ஊறியது. அதன்மேல் பெட்ரோல் மிதந்து, ராத்திரி முழுக்க ஆவி கட்டி நின்றிருக்கிறது. யார் கண்டார்கள்? மறுநாள் காலை மற்றவர்கள் டீக்கடையில் இருந்தபோது வேலாமணி தீக்குச்சி கிழித்தாள். விளக்கை இறக்கி எட்டிப் பார்த்தவன் மயில்சாமி. கண்மூடித் திறப்பதற்குள் தீ மேலே வந்துவிட்டது.

கோவை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தான். "அக்கா, வெளக்கு அணஞ்சுதா?" என்று அதையே கேட்டான். ஐயோ, என்ன பதில் சொல்வாள் அவள்? ஆஸ்பத்திரி வாசலில் அழுகையோடு அழுகையாகக் குமாரசாமியிடம் மட்டும் நடந்ததைச் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு.

எட்டு மணிக்கு ஜீப் வந்தது. குமாரசாமியைத் தங்கமான மனிதர் என்று சொல்கிறவர்கள் உண்டு, அவரிடம் வேலை செய்யாதவர்கள். கையில் ஒரு தாளும் மைப்பெட்டியும் வைத்திருந்தார்.

"இந்தா அம்மிணி, கைநாட்டு வெய்யி. மயில்சாமி கெணத்தோரமா பீடி பத்த வெச்சான், சொல்லியும் கேக்கலைன்னு எழுதியிருக்குது."

"என்ற தம்பி பீடியே குடிக்க மாட்டானுங்க."

"அப்ப தீ எங்கிருந்து வந்துச்சு?" குரலைத் தாழ்த்தினார். "நாஞ் சொல்லட்டுமா? தம்பியக் கொளுத்துனவ நீதான்னு போலீசு எழுதும். பரவால்லியா?"

அவள் தாளை வாங்கினாள். பெருவிரலை மையில் வைத்தாள்.

அதற்குள், நின்றுபோன கிணற்று வேலையை மறுபடி தொடங்க மேஸ்திரி ஞானசீலன் தகரத்தை நகர்த்திவிட்டு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். குமாரசாமி பரப்பிவிட்ட பீடிக் கதையை வேலையாட்கள் நம்பியும் நம்பாமலும் இருந்தார்கள். அவருக்குப் பக்கத்தில், கூட வேலை செய்யும் ஆயம்மாள் விளக்கோடு குனிந்தாள். "வெளக்கு எறக்காம ஆளு எறங்கலாமா?" என்று தீப்பெட்டியைத் திறந்தாள்.

வேலாமணி தாளை வீசிவிட்டு ஓடினாள். ஆயம்மாளின் கையைத் தட்டிவிட்டாள்.

"பீடி இல்லக்கா! வெளக்குதான்! நாந்தான் பத்த வெச்சேன். என்ற கையாலயே அவனக் கொன்னு போட்டேன்!"

காறித் துப்புவார்கள் என்றுதான் நினைத்தாள். ஆயம்மாள் கீழே விழுந்த தீப்பெட்டியைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள். பிறகு அவளை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"நீ ஒருத்தியா கொன்ன? மொத நாளு அந்த வெளக்குல எண்ணெய் ஊத்தி வெச்சவ நானு."

"அதக் கயித்துல கட்டி வெச்சவன் நானு" என்றார் ஞானசீலன். குமாரசாமி பக்கம் திரும்பினார். "ஏனுங்க, இந்தக் கெணத்துல வெளக்கு ஆகாதுன்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமுங்களா?"

குமாரசாமி கீழே கிடந்த தாளை எடுக்கக் குனிந்தார்.

"ஆவி அளக்கற மிசினு ஜீப்புல கெடக்குது. ஆபீசருங்க வந்தா மட்டும் வெளிய எடுக்கறீங்க. எங்களுக்கு ஏனுங்க காட்டல?"

"அது என்ன வெலைன்னு தெரியுமாய்யா? உங்க கையில குடுத்தா ஒடச்சுப் போடுவீங்க."

ஞானசீலன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டார். "அந்த மிசினும் அதப் பாக்கத் தெரிஞ்ச ஆளும் வராம ஒருத்தரும் எறங்க மாட்டமுங்க."

குமாரசாமி ரோட்டோரம் கையைக் காட்டினார். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றார்கள் கீழ் வீட்டுப் பெண்கள். "அவங்க தண்ணியில்லாம சாகறாங்க. வேலைய நிறுத்துனா அந்தப் பாவம் உங்களத்தான் சேரும்!"

அங்கிருந்து ஜெஸிந்தா ஏறி வந்தாள். ஊற்றுத் தண்ணீர் குடித்து ரெண்டு மாதமாக வயிற்று நோவோடு இருப்பவள். "எங்களுக்குத் தண்ணி வேணுமுங்க. அதுக்கு ஆளக் காவு குடுக்கச் சொல்லி நாங்க கேக்கலீங்க."

வேலாமணி கைமையைச் சேலையில் துடைத்தாள். பயம் போகவில்லை, பொய் எதற்கு? "நான் கோத்தகிரி ஸ்டேசனுக்குப் போறேன். வெளக்கையும் சொல்றேன், மிசினையும் சொல்றேன். என்னைய உள்ள வெச்சாலும் செரி, என்ற தம்பி பேர்ல பீடின்னு எழுத உடமாட்டேன்."

"போ. போனா நீ திரும்பி வரமாட்டே" என்றார் குமாரசாமி.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆயம்மாள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஞானசீலன் ஏறினார், மண் சுமந்த நாலு பேரும் ஏறினார்கள். அதன்பிறகும் பஸ் கிளம்பவில்லை. குடங்களை ரோட்டோரம் வரிசையாக வைத்துவிட்டு ஜெஸிந்தா ஏறினாள், அவள் பின்னால் கீழ் வீட்டுப் பெண்கள்.

"எத்தன பேருங்க?" என்று கண்டக்டர் கேட்டார்.

ஞானசீலன் படிக்கட்டைப் பார்த்தார். "ஏறி முடியட்டுமுங்க. அப்பறம் எண்ணிக்கலாம்."