விட்டுப்போன ஒற்று

எங்கள் நூலகத்தின் வாசலில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. அதில் எட்டு விதிகள். எட்டும் நான் எழுதிக் கொடுத்தவை. அமைதி காக்கவும், கைப்பேசியை அணைத்து வைக்கவும், நாற்காலிமேல் கால் வைக்காதீர் என்று வரிசையாக இறங்கி, 'புத்தகத்தில் எழுத கூடாது' என்று முடியும். இருபத்திரண்டு வருடமாக வாசிப்புக் கூடத்துக்கு நான்தான் பொறுப்பு. யாராவது இருமினாலே முறைப்பேன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பொய்யில்லை.

அதிலும் எட்டாவது விதி எனக்கு உயிர். திரும்பி வரும் புத்தகத்தில் பென்சில் தடம் இருந்தால் இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து அன்றைக்கே அழித்துவிடுவேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டேன். குப்பையைப் படித்துவிட்டா கூட்டுவார்கள்?

போன வருடம் சில புத்தகங்களில் வினோதமான கிறுக்கல் வர ஆரம்பித்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் எறும்பு போல ஒரு க், ஒரு ப். ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். ஜன்னலோர நாற்காலியில் தினமும் உட்காரும் நெட்டைக் கிழவர். காதில் பென்சில்.

"சார், எட்டாவது விதியைப் படிச்சீங்களா?"

"படிச்சேம்மா. அதுலயே ஒரு க் விட்டுப்போச்சு."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"அச்சகத்துல முப்பத்தஞ்சு வருஷம் புரூஃப் பார்த்தவன்மா. பிழையைப் பார்த்துட்டுச் சும்மா தாண்ட முடியல. கை நமநமங்குது."

"நமநமன்னா வீட்டுல போய்ச் சொறிஞ்சுக்குங்க."

அதற்கும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது எச்சரிக்கை கொடுத்தேன். பிறகு ஒரு காலையில் கதவைத் திறக்க வந்தால், வாசல் பலகையிலேயே 'எழுத'வுக்கும் 'கூடாது'வுக்கும் நடுவில் பென்சிலால் பொடியாக ஒரு க். எழுதக் கூடாது என்கிற வரியிலேயே எழுதியிருக்கிறார்! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்றைக்கு எனக்கு அந்த மட்டும் இல்லை. கூடம் நிறைய ஆள் இருக்கும்போதே அவருடைய உறுப்பினர் அட்டையை வாங்கிக்கொண்டேன். பென்சிலையும் பிடுங்கிக்கொண்டேன்.

"பென்சிலையாவது குடுத்துடுங்கம்மா" என்றார்.

கொடுக்கவில்லை. ஈரத்துணியால் பலகையைத் துடைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

ஐந்து மாதம் கழித்து ஒரு பெண் வந்தாள். துணிக்கடைச் சீருடை, நின்று நின்று வீங்கிய கால்கள்.

"மேடம், எங்கப்பா இங்க வருவாரு. காதுல பென்சில் வெச்சிருப்பாரு."

"அவருக்கு என்ன?"

"பக்கவாதம். ரெண்டு மாசமாப் படுக்கைதான். பேச்சில்ல. என்னையே யாருன்னு தெரியல. பழகினதை எல்லாம் காட்டிக்கிட்டே இருங்கன்னு டாக்டர் சொன்னாரு. போட்டோ காட்டினேன், அம்மா புடவையைக் காட்டினேன். கண்ணு கூரையை விட்டு இறங்கல. அவரு திருத்தின புத்தகம் ஒண்ணு குடுங்க மேடம். வீட்டுல அவரு எழுத்தே கிடையாது. திருத்தினது எல்லாம் அச்சகத்துக்கே போயிடுச்சு."

அவர் எடுத்துப் போன புத்தகங்களின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக இறக்கினேன். இருவருமாக நாற்பது புத்தகங்களைப் புரட்டினோம். ஒரு க் இல்லை, ஒரு ப் இல்லை. அவ்வளவு சுத்தமாக அழித்திருந்தேன். வேலையை ஒழுங்காகச் செய்ததற்காக நான் வெட்கப்பட்ட ஒரே நாள் அதுதான்.

"யாரு அழிச்சாங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்."

கையிலிருந்த புத்தகத்தை மூடி அடுக்கின்மேல் வைத்தாள். "பரவால்ல மேடம். ரூல்னா ரூல்தானே" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

என்னைப் போன்றவளுக்கு மன்னிப்பைக்கூடக் கடிதத்தில்தான் கேட்கத் தெரியும். நூலகத் தாளில் மூன்று முறை எழுதிக் கிழித்து, நாலாவதை முத்திரை குத்தி எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கைப்பையில் அவருடைய அட்டையும் பென்சிலும் இருந்தன.

ஒற்றை அறை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல், அதன்மேல் மருந்தும் ஸ்பூனும். அவர் பாதியாகியிருந்தார். அட்டையைக் காட்டினேன், கண் அசையவில்லை. கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தேன். 'நூலக வாசிப்பு கூடத்துக்குத் தாங்கள் மீண்டும் வரலாம்.' எழுந்து உட்காரவே முடியாதவரிடம் அதைப் படிப்பது எனக்கே அபத்தமாக இருந்தது. தாளை அவர் நெஞ்சின்மேல் வைத்துவிட்டுக் கிளம்புவதற்காகத் திரும்பினேன்.

"மேடம்!" என்று என் கையைப் பிடித்தாள் மகள்.

அவருடைய இடது ஆள்காட்டி விரல் தாளைச் சுரண்டிக்கொண்டிருந்தது. கண் கூரையிலிருந்து இறங்கித் தாளில் நின்றிருந்தது. குனிந்து பார்த்தேன். விரல் 'வாசிப்பு'க்கும் 'கூடத்துக்கு'க்கும் நடுவில் இருந்தது. அங்கே ஒரு க் விட்டுப்போயிருந்தது. நாலு முறை எழுதியும் என் கண்ணில் படவில்லை.

பென்சிலை அவர் விரல்களுக்குள் செருகினேன். நழுவியது. மகள் கீழிருந்து தாங்கிக்கொண்டாள். அழுத்தினார். கை கோணலாக இழுத்துக்கொண்டு போயிற்று, க வரவில்லை. அதற்கு மேலே வர வேண்டிய புள்ளி மட்டும் விழுந்தது. நீளமாக மூச்சு விட்டார். பிறகு தன் கையைத் தாங்கியிருந்த கை யாருடையது என்று பார்ப்பவர்போல மெல்லத் திரும்பி, மகளைப் பார்த்தார்.

"அப்பா, நான்தான்ப்பா" என்றாள்.

பார்வையை எடுக்கவில்லை. நான் வாசலுக்கு வந்து சத்தமாக அழுதேன்.

அதன்பிறகு பதினோரு நாள்தான் இருந்தார். எல்லா நாளும் தன்னைப் பார்த்தார் என்று மகள் சொன்னாள். கடிதத்தை அவள் வைத்துக்கொண்டாள். பென்சிலை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் பெயிண்டரைக் கூப்பிட்டு எட்டாவது விதியைத் திருத்தச் சொன்னேன். நடுவில் இடம் பார்த்து ஒரு க எழுதினார்.

"புள்ளி வைக்கணும்லம்மா?"

"அதை நான் வெச்சுக்கறேன்" என்றேன்.

பெயிண்டர் போன பிறகு ஸ்டூல் போட்டு ஏறிப் பென்சிலால் வைத்தேன். வாசல் பலகை, சாரல் அடித்தால் அழிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் திரும்ப வைக்கிறேன்.