தேடல் பெட்டியில் மூன்று பேர்

1

இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. போனில் தேடுவதற்கென்று நீளமாக ஒரு பெட்டி இருக்கிறதே, அதைத் தொட்டால் முன்பு தேடியதெல்லாம் வரிசையாகக் கீழே இறங்கும். அங்கே கிடந்தது. எடுத்துத் தாளில் வைப்பது மட்டும் என் வேலை.

அதிலும் தொடக்கத்துக்கே மூன்று நாள் போயிற்று. முதலில் எழுதியது:

கார்வேட்டிநகரத்தில் ஷோபா என்றொரு பெண் இருந்தாள். அவளுக்கு

ஷோபா நான்தான். என்னை நானே 'அவள்' என்று எழுதும்போது, யாரோ வீட்டுக்குள் வந்து என் புடவையை உடுத்திக்கொண்டது போல இருந்தது. விட்டுவிட்டேன். இரண்டாவது:

என் கணவர் முனிகிருஷ்ணன் இறந்து ஓராண்டு ஆகிறது.

இது உண்மை. ஆனால் இதைப் படித்ததும் நீங்கள் முகத்தை மாற்றிக்கொள்வீர்கள். இந்தக் கதையில் சிரிக்கவும் இடம் இருக்கிறது. ஆகவே புத்தூரில் ஒரு போன் கடையிலிருந்து தொடங்குகிறேன்.

2

ஒன்றரை வருடத்துக்கு முன்பு. புதுப் போனுக்கு மெயில் வேண்டும் என்றார் கடைக்காரர். என்னிடம் இல்லை. "இதுக்குன்னு புதுசா எதுக்குக்கா? பாப்பாவுதே போட்டுடறேன்" என்று, கூட வந்திருந்த என் மகள் பவ்யாவின் கணக்கை என் போனிலும் ஏற்றிவிட்டார். பவ்யா திருப்பதியில் எம்.எஸ்சி. படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். அன்றிலிருந்து அவள் அங்கே தேடுவதெல்லாம் என் பெட்டியில் தெரிந்தது. நான் இங்கே தேடுவது அவள் பெட்டியில்.

இது இரண்டு பேருக்கும் சீக்கிரமே புரிந்துவிட்டது. இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் மற்றவர் உஷாராகிவிடுவாரே!

[பிறர் தேடுவதை எட்டிப் பார்ப்பது தப்புதான். தெரியும். ஆனால் தனியாக இருக்கும் வீட்டில், காலையில் போனைத் திறந்தால் 'முடி கொட்டுவது ஏன்', 'பரீட்சைக்கு முந்தின நாள் தூங்கலாமா' என்று மகள் கேட்டிருப்பது தெரியும். கேள்வி என்னிடம் கேட்டதல்ல என்றாலும், பதிலை நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டே காபி போடுவேன்.]

ஒன்று சொல்ல மறந்தேன். நான் திருத்தணியிலிருந்து வந்தவள். தமிழ் படிப்பேன், ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், தெலுங்கு பேசுவேன், ஆனால் எழுத்து தெரியாது. என் கணவரும் பவ்யாவும் தெலுங்கில் படித்தவர்கள். வீட்டில் பேச்சு மட்டும் தமிழ். நான் தமிழில் தேடியதை பவ்யா போனை வாசிக்கச் சொல்லிக் கேட்பாள்.

3

போன மாதம் பக்கத்து வீட்டு ரத்தினம்மா வந்தாள். "ஷோபா, கை மரத்து மரத்துப் போவுது. இன்னான்னு அந்த போனைக் கேளேன்." கேட்டேன். 'கை மரத்துப் போவது ஏன்?'

அடுத்த நாள் என் பெட்டியில் ஆங்கிலத்தில் வந்தது: இடது கை மரத்துப் போனால் இதய நோயா?

அவள் அப்பா போனது நெஞ்சுவலியில்தான். சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே. அந்த நோய் மகளுக்கும் வந்துவிட்டதா? நான் தேடினேன்: 'நெஞ்சுவலி பரம்பரையாக வருமா?'

அவளிடமிருந்து: நெஞ்சுவலி, பெண்களுக்கு அறிகுறிகள்.

நான்: 'இதயத்துக்கு நல்ல டாக்டர் திருப்பதி.'

அவள்: ஆஞ்சியோ செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

போனில் பேசும்போது மட்டும் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

4

வியாழக்கிழமை காலை நான் திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். இந்த இடத்தில் முதலில் இப்படி எழுதினேன்:

புத்தூர் பஸ் நிலையத்தில் எதிரே வந்த பஸ்ஸிலிருந்து பவ்யா இறங்கினாள். இருவரும் ஓடிப்போய்

பொய். நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பொய்யை வைக்க முடியுமா? நடந்தது இதுதான்: வடமாலபேட்டைக்கு அருகில் எங்கோ இரண்டு பஸ்களும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தேன்.

ஹாஸ்டல் வாசலுக்கு வந்தது பவ்யாவின் அறைத்தோழி ஹரிதா. நகரி ஊர்ப் பெண். "ஆன்ட்டி! நீங்க இன்னா இங்க? அவ உங்களைப் பாக்கத்தான் காலையிலயே கெளம்பிட்டா. உங்களுக்கு ஹார்ட்டு சரியில்லன்னு அழுதுக்கினு போனா."

"எனுக்கா? எனுக்கு இன்னா கேடு! கல்லு மாதிரி கீறேன். அவளுக்குத்தானே?"

ஹரிதா என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

[ஹரிதாவைக் கதைக்காக இன்னும் கொஞ்சம் சோகமாக்கலாமா என்று யோசித்தேன். அவள் ஒத்துழைக்கவில்லை.]

"நாலு பேரு உக்காந்து பாத்தோம் ஆன்ட்டி. சும்மா இல்ல. ஒரு சைட்ட நம்பமாட்டோம். மூணுல ஒரே மாதிரி போட்டிருந்தாத்தான்."

"மூணும் ஒண்ணைப் பாத்து ஒண்ணு எழுதினதா இருந்தா?"

"அதுக்குத்தான் வீடியோ. வீடியோவுலயும் கீழ கமென்ட்டைப் படிப்போம். நெஜம் கமென்ட்லதான் இருக்கும்."

"யாருக்கு நோவுன்னு அதுல போட்டுக் கேட்டீங்க?"

"ஃப்ரெண்டுக்குன்னு. எப்பவும் ஃப்ரெண்டுக்குத்தான் ஆன்ட்டி. தனக்குன்னு எவ கேப்பா?"

மூன்று சைட், இரண்டு வீடியோ, நாற்பது கமென்ட், நாலு படித்த பெண்கள். என்னை ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

5

அதற்குள் போன் அடித்தது.

"இன்னாம்மா, வீடு பூட்டிக் கீது? எந்த ஆஸ்பத்திரில கீற?"

"உன் ஹாஸ்டல்ல கீறேன். ஹரிதா பிஸ்கட்டு குடுத்துக்கினு கீறா. ரத்தினம்மாகிட்ட சாவி வாங்கிக்கோ."

பிறகு பவ்யா, "ரெண்டு பேரும் பெட்டியைத் தொறப்போம். எது யாருதுன்னு சொல்லு" என்றாள். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டாள்.

"மரத்துப் போன கை?"

"ரத்தினம்மாவுது."

"அய்யோ! நல்ல டாக்டரு?"

"உனுக்காவ."

"ஆஞ்சியோ?"

"அத நீ கேட்டே."

"உனுக்காவ!"

இருவருக்கும் அழுகையா சிரிப்பா தெரியவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. (ரத்தினம்மாவுக்கு இருந்தது. பவ்யா அன்றே அவளைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். சர்க்கரை. இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள், லட்டை ஒளித்துச் சாப்பிடுகிறாள்.)

இங்கே கதையை முடித்திருக்கலாம். நல்ல முடிவு. ஆனால் பவ்யா வரிசையின் அடிவரை போயிருந்தாள்.

"அம்மா, இன்னும் ஒண்ணு கீது. போன வருஷத்துது. தெலுங்குல கீது."

"இன்னான்னு?"

"இடது தோள் வலி. கேஸ் டிரபுளா, வேறயான்னு."

என் கணவர், அவளுடைய நைனா, போனது ஒரு சனிக்கிழமை. அந்த வரி அதற்கு முந்தின புதன்கிழமைத் தேதி. என் போனை வாங்கித் தேடியிருக்கிறார்.

"நான் அன்னிக்கே பாத்தேம்மா. பரீட்சை நேரம். நீ யாருக்கோ பாக்கறேன்னு நெனச்சிக்கினேன். உனுக்குத் தெலுங்கு எழுத வராதுன்னுகூட எனுக்குத் தோணல. நைனாவாத்தான் இருக்கும்னு தோணல."

அதனால்தான் இந்தத் தடவை ஒரு கை மரத்துப் போனதற்கு அப்படி ஓடியிருக்கிறாள். ஒரு வருடமாக இதைச் சுமந்துகொண்டு என்னோடு மழையைப் பற்றிப் பேசியிருக்கிறாள்.

6

நான் என்ன பதில் சொன்னேன் என்று எழுத வேண்டும். இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) "உன் தப்பு இல்லடி கண்ணு" என்றேன். அவள்

(ஆ) நான் ஒன்றும் பேசவில்லை. ஹரிதா என் தோளை

இரண்டும் நடக்கவில்லை. நான் சொன்னது, "அடுப்பு மேல குழம்பு கீது. சூடு பண்ணித் துன்னு. நான் வந்துடறேன்." அவ்வளவுதான் வந்தது வாயில்.

சொல்லாதது: அந்த வரியை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சுழி சுழியாகத் தெரிந்தது, தள்ளிவிட்டேன். புதன்கிழமை முழுக்க அவர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து நிலக்கடலை உரித்தார். என்னைக் கேட்கவில்லை. பெட்டியைக் கேட்டார். பெட்டி என்ன சொன்னது, அதில் எதை அவர் நம்பினார், இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

7

அதன் பிறகு நாங்கள் வேறு மெயில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டி இப்போது எங்களுக்குத் தபால்பெட்டி. 'மதியம் இன்னா துன்ன?' என்று நான் தேடுவேன். போன் அதை அவளுக்கு வாசித்துக் காட்டும். 'உப்மா. கண்றாவி' என்று அவள் ஆங்கில எழுத்தில் தேடுவாள். எங்கள் கேள்விகளுக்கு அந்தப் பெட்டி எதைக் கண்டுபிடித்துக் காட்டுகிறதோ, நாங்கள் பார்ப்பதில்லை.

பவ்யாவுக்குத் தமிழ் படிக்க வராது. இந்தக் கதையை அவள் போன் கேமராவைக் காட்டி, மொழிபெயர்க்க வைத்துத்தான் படிப்பாள். அது எதை எதுவாக மாற்றுமோ! அதனால் அவளுக்கான பதிலை இதில் எழுதவில்லை, பெட்டியிலேயே எழுதலாம் என்று இன்று காலை திறந்தேன். முதலில் அவருடைய வரியைத் தொட்டேன். பழைய வரியைத் தொட்டால் அது மேலே வந்துவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. உப்புமாவுக்கு மேலே வந்து நின்றது. பிறகு தட்டினேன்:

பவ்யா, அன்னிக்கு நாம ரெண்டு பேரும்

அதற்கு மேல் வரவில்லை. விரல் தேடு பொத்தானில் பட்டு, பாதியிலேயே போய்விட்டது.

பத்து நிமிடம் கழித்துப் பெட்டியைத் தொட்டேன். என் பாதி வாக்கியத்துக்கு மேலே புதிதாக ஒன்று இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: திருப்பதியிலிருந்து கார்வேட்டிநகரம், இன்றைய பஸ் நேரம்.

ஆகவே அந்த வாக்கியத்தை நீங்கள் முடித்து வையுங்கள். எனக்கு வேலை இருக்கிறது. ஒரு ஆழாக்கு அரிசி கூடப் போட வேண்டும்.