நிறுத்து என்று அனுப்பிய அக்கா

1

"யாரும் போன் பண்ண மாட்டாங்க மேடம். பிடிக்கலைன்னா 'நிறுத்து'ன்னு பதில் போட்டுடுவாங்க. எங்க அக்காவே போட்டுட்டா."

"கூடப் பிறந்த அக்காவா?"

"ஆமா. விதிப்படி போட்டா. நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

நன்கொடை கேட்டு வந்த குறுஞ்செய்தியை எழுதுவது யார் என்று அறிய, அதிலிருந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவளே எழுதுபவள். இந்தக் கதை கிடைத்தது அப்படித்தான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

'அன்று வானம் மப்பும் மந்தாரமுமாக…'

வேண்டாம். அவள் அறைக்கு ஜன்னலே இல்லை.

காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி வாங்கித்தரும் அறக்கட்டளை அது. அவள் மேசைக்கு எதிரே விதிகள் ஒட்டியிருக்கின்றன. கேட்பது யார், எதற்கு என்று முதலில் சொல். 'இன்றே கடைசி' என்று பொய்யாக அவசரப்படுத்தாதே. மறுக்க வழி கொடு. 'நிறுத்து' என்றவருக்கு மறுபடி செய்தி அனுப்பாதே.

எதை எழுதினாலும் முதலில் அக்காவுக்குத்தான் அனுப்பிப் பார்ப்பாள். தையல்கடை அக்கா, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடியே படித்துவிட்டு, 'அழுகை ஜாஸ்தி, குறை' என்று பதில் போடுவாள்.

ஒருநாள் தங்கை, லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் செய்தி அனுப்பினாள். 'ஊர்ல எல்லார்கிட்டயும் கேட்கத் தெரியுது. எனக்கு மட்டும் தகவலா?' என்று வந்தது பதில். அடுத்த நிமிடமே இன்னொன்று: 'நிறுத்து.'

எட்டு மாதம். விதிக்குக் கட்டுப்பட்டவள் ஓர் எழுத்துகூட அனுப்பவில்லை. (ரோஷத்துக்கு விதி நல்ல போர்வை. இதை அவளிடம் நான் சொல்லவில்லை.)

3

நாளைக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக்கு ஆளா இல்லை? ஆனால் அவளுக்கு அக்காவின் கையெழுத்துதான் வேண்டும்.

முடிவு அ: அக்கா தானாகவே வந்து நிற்கிறாள். (அடித்துவிட்டேன். என் வாசகிகள் இதை மோப்பம் பிடித்துவிடுவார்கள்.)

முடிவு ஆ: மாப்பிள்ளை போய்ப் பேசுகிறார். (தையல்கடை தரைத்தளத்தில். லிஃப்ட்காரருக்கு அங்கே என்ன வேலை?)

வேறு வழியின்றி அவளையே மறுபடி அழைத்தேன்.

"நேர்ல போய்க் கேட்கக்கூடாதுன்னு விதி இருக்காம்மா?"

எதிரே ஒட்டியிருந்த விதிகளை அவள் முணுமுணுத்துப் படிப்பது கேட்டது.

"அதைப் பத்தி ஒண்ணும் எழுதலையே மேடம்."

4

அக்கா என்ன பதில் சொன்னாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கும் ஓர் அக்காவோ தங்கையோ இருப்பாள், நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். கேட்டதோடு என் வேலை முடிந்தது.

தையல் மிஷின் நின்றது.

"அக்கா, நான் உன் தங்கச்சி."

"தெரியுது. கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா, பல்லிடுக்கில் குண்டூசிகளோடு.

"யாருன்னு முதல்ல சொல்லணும். நாளைக்குப் பத்து மணிக்குக் கல்யாணம். நீ சாட்சிக் கையெழுத்துப் போடணும். நிஜமாவே இன்னைக்குத்தான் கடைசி. வேண்டாம்னா…"

அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"வேண்டாம்னா?"

"அதுக்கு வழி வைக்கலக்கா. கேட்கிறேன். வந்துடு."