பழைய பிரேக் டிரம்

தங்கையின் கார் விஷயத்தில் மெக்கானிக் அண்ணனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே? அவள் கணவர் விட்டுப்போன அந்த இரண்டு இருக்கை பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், பட்டறைக்கு வந்தபோது வெறும் துருப்பிடித்த தகரம். ஐந்து கியர் பெட்டி, எலக்ட்ரானிக் இக்னிஷன், பெரிய ரேடியேட்டர், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் என்று பார்த்துப் பார்த்துப் பூட்டினான். வெளியே அதே பழைய பச்சை, உள்ளே எல்லாம் புதுசு.

கழற்றிய சாமான்களைச் சாக்கில் கட்டி வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவது அவன் வழக்கம். மாற்றாமலே மாற்றியதாகச் சொன்னான் என்ற பேச்சு வரக்கூடாது பாருங்கள். எடைக்குப் போட்டுவிடு என்று சொன்னதைத் தங்கை காதில் வாங்கவில்லை. டிஸ்க் பிரேக்குக்கு இடம் விட்டுச் சக்கரங்களிலிருந்து கழன்ற பழைய பிரேக் டிரம்கள் இருந்த சாக்கைக் கார் நிற்கும் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் அவள் ஓட்டும்போது மாப்பிள்ளை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். நெஞ்சுவலியில் போய்ச் சேரும்வரை அந்தப் பழக்கம் விடவில்லை. அதைச் சொல்லிச் சிரிப்பாள், சிரித்த வாயோடு அழுவாள்.

முதல் சர்வீஸுக்கு வண்டி வந்தது. மலைமேல் விடுதியில் படிக்கும் மகளுக்காக வாரம் தவறாமல் அந்த வளைவுகளில் ஏறி இறங்கிய வண்டி. சக்கரத்தைக் கழற்றியவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரேக் கட்டை இம்மியும் தேயவில்லை. டிஸ்க்கில் ஒரு கீறல் கிடையாது. பிரேக் எப்படி என்று கேட்டான். வெண்ணெய் மாதிரி பிடிக்கிறது என்றாள்.

அடுத்த முறை அவள் மலையிலிருந்து திரும்பும்போது கொட்டகையில் காத்திருந்தான். வண்டி நின்றதும் டிஸ்க்கைத் தொட்டான். சில்லென்று இருந்தது. கருகல் வாடை மட்டும் மூலையிலிருந்து வந்தது. சாக்குக்குள் கையை விட்டவன் உதறிக்கொண்டு எழுந்தான். பழைய டிரம்கள் கொதித்துக்கொண்டிருந்தன.

பயம்தான். ஆனால் பயத்தைவிட ரோஷம் பெரிதாக இருந்தது. தன் கையால் பூட்டியது சும்மா சுற்ற, செத்துப்போனவரின் துருப்பிடித்த இரும்பு வேலை பார்ப்பதா? அவள் மறுபடி மலைக்குப் போனதும் சாக்கைத் தூக்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தான்.

கை கழுவும்போதுதான் உறைத்தது. தான் பூட்டிய பிரேக் இதுவரை ஒருநாளும் பிடித்ததே இல்லை. இன்று இறங்கும்போது எது பிடிக்கும்? தங்கையைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மகளையும் ஏற்றிக்கொண்டு இறங்க ஆரம்பித்திருப்பாள்.

தலைதெறிக்க ஓடினான். கடைக்காரர் சம்மட்டியால் முதல் டிரம்மை அப்போதுதான் இரண்டாகப் பிளந்திருந்தார். பிளந்த ஓரங்கள் சிவந்துகொண்டிருந்தன. இவன் விழுந்தடித்துப் போய் இரண்டு பாதியையும் சேர்த்து, வெறுங்கையால் இறுக்கிப் பிடித்தான். தோல் பொசுங்கியது. கடைக்காரர் இழுத்தும் விடவில்லை.

"மாப்பிள்ளை, விட்டுடாதீங்க," என்று இரும்பிடம் கெஞ்சினான்.

ஒருவழியாகச் சூடு தணிந்தது. சட்டைப் பையில் போன் அடித்தது. விரல்கள் மடங்கவில்லை. கடைக்காரர்தான் எடுத்து அவன் காதில் வைத்தார்.

"அடிவாரத்துக்கு வந்துட்டோம்ணே," என்றாள் தங்கை. "ஒரு வளைவுல வண்டி விளிம்பு வரைக்கும் போயிடுச்சு. பாப்பா கத்திட்டா. அப்புறம் யாரோ ரெண்டு கையாலயும் புடிச்சு இழுத்த மாதிரி நின்னுடுச்சு. நீ போட்ட பிரேக்காச்சே."

அவன் புறங்கையால் இரண்டு பாதியையும் மடிக்கு இழுத்துக்கொண்டான்.

"நாளைக்கு இவளைத் திரும்ப மேல கொண்டு போய் விடணும்," என்றாள்.

மற்ற டிரம்களைக் கொட்டகைக்கே திருப்பிக் கொண்டுபோகச் சாக்கில் கட்டச் சொன்னான். உடைந்தது மட்டும், நாளை அவள் மலை இறங்கி முடிக்கும்வரை, தன் மடியிலேயே இருக்கட்டும் என்று கடைக்காரரிடம் சொன்னான்.