பத்து கிலோ கல்

மாவட்டப் பெண்கள் கபடி அணிக்கான தேர்வு சங்கரன்கோவிலில் நடந்தது. எடை அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் போனால் சேர்க்க மாட்டார்கள். தனியார் அகாடமிப் பிள்ளைகளுக்கு அறைக்குள் ஒரு தராசு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெயிலில் வேறொன்று. வெயிலில் இருந்த தராசு எப்சிபாவுக்கு அறுபத்தேழு காட்டியது. அதே தராசில் கழிக்கப்பட்ட சிவகிரிப் பிள்ளைகள் இருவர் அழுதுகொண்டே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள்.

எப்சிபா போகவில்லை. பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அம்மா ஞானபூரணத்தைப் போனில் வரச்சொன்னாள். ஞானபூரணம் வந்ததும் பையிலிருந்து பத்து கிலோ எடைக்கல்லை எடுத்துத் தராசில் வைத்தாள். பத்தரை காட்டியது.

“இதென்ன பலசரக்குக் கடையா? கல்லை எடும்மா!” என்று சீறினார் தேர்வாளர் கோமதிசங்கர்.

“என் கடையில இப்படி நிறுத்தா தராசுக்கு முத்திரை வைக்கிற ஆபீசர் ஃபைன் போட்டுருவாரு. சார்வாளுக்கு மட்டும் சட்டம் கிடையாதோ?”

“ஒம் மவ திங்கிறதைக் குறைக்கச் சொல்லு.”

“எம் மவ சோத்தை நான் பாத்துக்கிடுதேன். உள்ள இருக்க தராசை வெளிய கொண்டாரும்.”

சுற்றி நின்ற பெற்றோர்கள் போனில் படம் பிடிக்கத் தொடங்கினார்கள். வேறு வழியில்லாமல் தராசு வெளியே வந்தது. அதில் கல் பத்து கிலோ; எப்சிபா அறுபத்துநாலு.

“கையெழுத்துப் போட்டுட்டுப் போ. கிரவுண்டுல ஒன்னைப் பாத்துக்கிடுதேன்,” என்று எடைப் பதிவேட்டையும் பேனாவையும் நீட்டினார் கோமதிசங்கர்.

எப்சிபா பேனாவைத் தொடவில்லை. “சிவகிரி பஸ் இன்னும் எடுத்திருக்காது சார். மொதல்ல அவங்களக் கூப்பிடுங்க.”

ஞானபூரணம் கல்லை அவருடைய மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.