லின் ஊற்றிய வெள்ளைத் தேநீர்

வளைகுடாவில், டிராகன் மார்ட் என்னும் சீனச் சந்தையில் என் கணவர் கலீலுர் ரஹ்மானின் விளக்குக் கடைக்கு அடுத்த கடை ஒரு சீனாக்காரியுடையது. பெயர் லின். பீங்கான் சாமான் விற்கிறாள். 2009-ஆம் வருஷம் அவள் கொடுத்த தகர டப்பா ஒன்று கராமாவில் என் வீட்டுக்கே வந்து சேரும்வரை, அவளைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

"வெள்ளை டீ நஸீரா. சீனாவுல ரொம்ப ஒசத்தியாம்" என்று மேசையில் வைத்துவிட்டு அவர் படுக்கப் போய்விட்டார். மறுநாள் திறந்து பார்த்தேன். ஊசி ஊசியாக மொட்டுகள். மேலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூசணம் பிடித்த சரக்கை எங்கள் தலையில் கட்டியிருக்கிறாள் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இருந்தாலும் வீணாக்குவானேன் என்று ஒரு பிடி அள்ளி, வெள்ளை போகத் தேய்த்துக் கழுவி, பால்கனி வெயிலில் உலர்த்தினேன். சாயங்காலம் அதைப் பாலிலே போட்டு, இஞ்சி தட்டிக் கொதிக்கவிட்டேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அந்த வெள்ளைதான் அதற்கு விலையாம். இளம் மொட்டின் மேல் இருக்கும் பூனைமுடியாம்.

"நகரு புள்ள" என்று அடுப்படிக்கு வந்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சூடு கொஞ்சம் தணியட்டும் என்று காத்திருந்தார். கிண்ணத்தை வெந்நீரில் அலசினார். மொட்டுகளுக்கு நோகாமல் ஓரமாக ஊற்றி மூடி வைத்தார். கல்யாணமானதிலிருந்து எனக்கு ஒரு தம்ளர் தண்ணீர் மோந்து கொடுத்தறியாத கை அது. அந்தக் கையை இப்படிப் பழக்கியவளை நினைத்தபோது என் வயிறு பற்றி எரிந்தது.

தப்பாக எதுவும் நடக்கிறது என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. ஆனால் சில மாதங்களாகவே வீட்டில் பேச்சில்லை. நான் கொடுக்கும் டீயை நின்றபடியே மடக் மடக்கென்று குடித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். என்னவென்று கேட்டால் "ஒண்ணுமில்ல". இங்கே ஒன்றுமில்லாதது அங்கே அவளிடம் போகிறது. என் மனுஷனின் பேச்சு எனக்கு வேண்டும். முதலில் எனக்கு வேண்டும்.

அவர் சரக்கு எடுக்க ஜெபல் அலி துறைமுகத்துக்குப் போயிருந்த ஒரு நாள் டாக்ஸி பிடித்துக் கிளம்பினேன். அவளை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பதாகத்தான் யோசனை. லினுக்கு என் வயதுதான் இருக்கும். கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் "அச்சா, பாபி! பைட்டோ, பைட்டோ" என்று இந்தியில் அண்ணி முறை கொண்டாடி முக்காலியை இழுத்துப் போட்டாள். அவளுடைய இந்தியும் என்னுடைய இந்தியும் ஒரே அளவு ஓட்டை.

தேநீர் போட்டாள். முதல் கிண்ணம் வெறும் வெந்நீராகத்தான் பட்டது. அதே மொட்டுகளில் மறுபடி ஊற்றினாள். இம்முறை வெள்ளரிப்பிஞ்சு தின்ற பிறகு நாக்கில் நிற்கும் மெல்லிய இனிப்பு. கிண்ணமோ இரண்டு மிடறுக்குக் காணாது. அடுத்தது ஊறும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியுமா? என் முழங்கால் வலியைச் சொன்னேன். இன்னொரு கிண்ணம். ஊரில் ஹாஸ்டலில் இருக்கும் மகன் போனில் சரியாகப் பேசாததைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சண்டைக்குப் போனவள்! அவர் இங்கே எப்படிப் பேசுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

லின் என் கையைத் தட்டிக்கொடுத்து இந்தியில் சொன்னாள்: "கடைய மூடிட்டு நீங்க இந்தியாவுக்கே போயிட்டா எனக்குப் பேச ஆளில்ல, பாபி."

கிண்ணம் என் உதட்டிலேயே நின்றுவிட்டது. நாங்கள் ஊருக்குப் போகிறோமா? கடையை மூடப் போகிறாரா? "ஹாங், ஹாங்" என்று ரொம்ப நாளாகத் தெரிந்தவள் போலத் தலையாட்டி வைத்தேன். அவள் முன்னால் ஒன்றும் தெரியாதவளாக உட்கார்ந்திருப்பதற்குச் செத்துப்போகலாம்.

அன்று அவர் வந்ததும் மேசைக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். டிவியின் ரிமோட்டை எடுத்து ஒளித்துவைத்திருந்தேன். லின் செய்த மாதிரியே தண்ணீரை ஆறவைத்து, ஓரமாக ஊற்றினேன்.

"என்ன புள்ள, கெட்டிக்காரியாயிட்டே" என்றார்.

நான் எதையும் கேட்கவில்லை. ஊற்றினேன், காத்திருந்தேன், திரும்ப ஊற்றினேன். மொட்டெல்லாம் ஊறிப் பச்சையாக விரிந்துவிட்டது. நிறம் வெளுக்கத் தொடங்கியபோது அவர் தொண்டையைச் செருமினார்.

"நஸீரா, யாவாரம் படுத்துக் கெடக்கு. கடையக் குடுத்துட்டு ஊருக்கே போயிரலாமான்னு இருக்கேன்."

"அப்படியா மச்சான்?" திடுக்கிட்டவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசப் போட்டு ஒழப்பிக்கிட்டே இருந்தேன். இன்னும் யார்ட்டயும் வாயத் தொறக்கல. ஒன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்."

பச்சைப் பொய். பொய் என்று தெரிந்தும் எனக்கு அது இனித்தது. இனித்துத் தொலைத்ததே என்பதுதான் என் ஆத்திரமெல்லாம்.